மூணாறு உறைபனியும் சின்னாற்று வெயிலும்

மூணாறில் உறைபனி விழுகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, ஜனவரியின் இரண்டாவது சனிக்கிழமை, நானும் தம்பியும் பாலக்காட்டிலிருந்து கிளம்பிவிட்டோம். 2016 ஏப்ரலில் மலம்புழையில் 41.9 டிகிரி பதிவானபோது ஓட்டு வீட்டுக்குள் வெந்துகொண்டிருந்த எங்களுக்கு, புல்லின்மேல் பனி உறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

உடுமலைப்பேட்டை வழியாகப் போனால் செலவு குறையும். ஆனால் தென்மேற்குப் பருவமழையை உயர்ந்த மலைகள் மறித்துக்கொள்வதால் முட்காடாகிப்போன சின்னாற்றில், ஜனவரி மதியத்திலும் பேருந்தின் இரும்புக் கம்பி கையைச் சுட்டது. மறையூர் தாண்டி ஏற ஏறச் சட்டைக்குள் குளிர் புகுந்தது. மூணாறில் இறங்கியபோது பேச வாய் திறந்தால் பல் கிட்டியது.

அங்கேதான் அந்த ஜீப்காரர் மாட்டினார். உறைபனி விழும் செண்டுவாரைப் புல்வெளிக்குப் போய்வர 1,200 ரூபாய் என்று இரவு பேசியவர், விடியற்காலை நாலரை மணிக்குப் பாதி வழியில் நிறுத்தி 2,000 கேட்டார். இருட்டிலும் குளிரிலும் இறங்கிப் போக வழியில்லாதவர்களிடம் இப்படிப் பறிப்பது பச்சைக் கொள்ளை. இரண்டு நாள் சாப்பாட்டுப் பணம் அதில் போயிற்று.

ஆனால் அந்தப் புல்வெளி! மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானுக்கு விட்டுவிட, கனத்த குளிர்காற்று சரிந்து பள்ளத்தில் தேங்குகிறது. தம்பியின் வெப்பமானி மார்பளவு உயரத்தில் 3 டிகிரி காட்டியது. புல்லின்மேல் வைத்ததும் சுழியத்துக்குக் கீழே இறங்கியது. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் உப்புப் பரல்போல வெண்மணிகள் ஒட்டியிருந்தன. மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கின.

திரும்புகையில் தேநீர்க் கடை அக்கா சுடச்சுடக் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) வைத்தார். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேலாகக் கிடைத்தது அது ஒன்றுதான். நாங்கள் பனியைப் புகழ்ந்தபோது, “பாக்க நல்லாத்தான் இருக்கும் தம்பி. வெயில் பட்டதும் கொழுந்தெல்லாம் கருகிப்போகும், அப்புறம் எதைக் கிள்ளுறது?” என்று எதிர்ச்சரிவைக் காட்டினார். அங்கே ஒரு தேயிலைப் பாத்தி முழுக்கத் தீயில் வாட்டியதுபோல் பழுப்பேறிக் கிடந்தது.

பத்து மணிக்கெல்லாம் கம்பளியைக் கழற்றிவிட்டோம். சின்னாற்றுச் சோதனைச் சாவடியில் பேருந்து நின்றபோது, தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டே தண்ணீர்ப் போத்தல் தேடினான்.