நவம்பர் மாதத்து இரண்டு கோப்புகள்

புதுச்சேரியில் நான் பணியாற்றும் இசைக்குழுவில் என் பொறுப்பு இசைத்தாள்களைப் பார்த்துக்கொள்வது. இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் அமர்ந்து வாசிக்கவும் செய்கிறேன் என்றாலும், என்னைத் தேடி வருபவர்கள் கேட்பதெல்லாம் "அக்கா, என் பார்ட் எங்கே?" என்பதுதான். நாங்கள் 34 பேர். பள்ளி ஆசிரியர்கள், தேவாலயத்தில் வாசித்துப் பழகியவர்கள், ஓய்வுபெற்ற பேண்டு வாத்தியக்காரர்கள் இருவர், கடலூரிலிருந்து வயலின் பெட்டியோடு பஸ் ஏறி வரும் ஐந்தாறு இளைஞர்கள். எங்களை வழிநடத்துபவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் அழைக்கிறோம். தமிழில் நடத்துநர் என்று சொல்லப்போய், டிக்கெட் எங்கே என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

அக்டோபர் பிறந்ததும் என் மேசைக்கு இரண்டு கோப்புகள் வந்துவிடும். பச்சை நிறக் கோப்பு நவம்பர் 1 விடுதலை நாளுக்கு. நீல நிறக் கோப்பு நவம்பர் 11 போர் நினைவு நாளுக்கு. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி இவ்வூரை இந்தியாவிடம் ஒப்படைத்தது. நவம்பர் 11 முதல் உலகப் போர் ஓய்ந்த நாள். 2012 முதல் பிரான்சுக்காகப் போரில் உயிர்விட்ட எல்லோரையும் அந்த நாளில் நினைவுகூர்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் போனதற்கு ஒரு நிகழ்ச்சி, பிரெஞ்சுக்காரனுக்காகச் செத்தவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. இடையில் பத்தே நாள், வாசிப்பதும் அதே 34 பேர். வேறு எந்த ஊர் இசைக்குழுவுக்கும் இப்படி ஒரு நாட்காட்டி வாய்த்திருக்காது என்றே நினைக்கிறேன்.

விடுதலை நாள் நிகழ்ச்சிகளை நாங்கள் கிராமங்களில்தான் அதிகம் நடத்துகிறோம். வில்லியனூரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மாஸ்டர் வேனை மெதுவாக ஓட்டச் சொல்லி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கீழூர்க் கதையைச் சொல்லுவார். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேரும் எதிராக 8 பேரும் நின்றார்கள். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது. ஆகவே எங்களுக்கு ஆகஸ்ட் 15 முடிந்த மறுநாளும் ஒரு கொடியேற்றம் உண்டு. அந்த எட்டுப் பேர் யார் என்று யாராவது ஒரு பையன் ஆண்டுதோறும் தவறாமல் கேட்பான். மாஸ்டர் அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் டீக்கடை வந்துவிட்டது என்பார்.

முதல் ஒத்திகையில் நிச்சயமாக நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து என்று அறிவித்ததும் கடலூர்ப் பிள்ளைகள் மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடலைத் தொடங்குவார்கள். நாங்கள் பாரதிதாசன் எழுதிய புதுச்சேரி வாழ்த்தைத் தொடங்குவோம். நடுவில் ஒரு பாலத்தைத் தாண்டினால் தாய் ஒருத்திதான், வாழ்த்து வேறு. இப்போதெல்லாம் தாளின் தலைப்பிலேயே சிவப்பு மையால் "புதுச்சேரி" என்று எழுதிவிடுகிறேன்.

நாட்டுப்பண்ணில் நான் கற்றது வேறு. எங்களிடமிருந்த பழைய தாள்கள் பித்தளை வாத்தியங்கள் பளிச்சென்று ஒலிக்கும்படி உயர்ந்த சுருதியில் எழுதப்பட்டவை. முடிவில் அடுத்தடுத்து வரும் "ஜய ஹே"க்களில் முதலாவது வரும் இடத்தில் சுரம் உச்சத்தைத் தொடும். அந்த இடத்தில் கூட்டம் வாயை மூடிக்கொள்வதை நான் இரண்டு ஆண்டுகள் கவனித்தேன். மக்கள் பாட முடியாத நாட்டுப்பண்ணை அவர்கள் எதிரில் வாசித்து என்ன பயன் என்று மாஸ்டரிடம் சண்டை பிடித்து, கிளாரினெட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கும் தனித்தனியாக, எல்லாப் பார்ட்டுகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்கி மூன்று இரவுகள் கையால் எழுதினேன். அந்த ஆண்டு முன்வரிசையில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குரலை முதன்முறையாக வயலினுக்கு மேலாகக் கேட்டேன்.

அதே நாட்டுப்பண்ணால் அவமானப்பட்டதும் உண்டு. ஒரு கிராம நிகழ்ச்சியில் நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கிக்காரர் தம் பென் டிரைவில் இருந்த நாட்டுப்பண்ணையும் ஓடவிட்டார். அது ஒரு சுருதி, நாங்கள் ஒரு சுருதி. நிறுத்துவது மரியாதைக்குறைவு, தொடர்வது அதைவிட மோசம் என்ற நிலையில் ஒவ்வொருவராக வாத்தியத்தைத் தாழ்த்தி, விறைப்பாக நின்று, மீதமிருந்த நொடிகளை ஒலிபெருக்கியிடமே விட்டுவிட்டோம். முழுப்பாடலுக்கும் ஏறத்தாழ 52 நொடிதான். அன்று அது முடிவதாக இல்லை. அமைப்பாளர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் ஒலிபெருக்கிக்காரரிடம் போய் நிற்கிறேன். "அண்ணே, நாட்டுப்பண் நாங்க வாசிக்கிறோம். அந்த பென் டிரைவைக் கழட்டி என் கையில குடுத்துடுங்க. முடிஞ்சதும் நானே கொண்டாந்து தரேன்." இதுவரை யாரும் மறுத்ததில்லை.

நவம்பர் 11 அன்று காலை, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே 1938இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். எங்கள் வேலை அன்று மாலை, ஒரு சிறிய மண்டபத்தில். வருபவர்களில் பெரும்பாலோர் சொல்தா வீட்டார். பிரெஞ்சுப் படையில் சேவை செய்து பென்ஷன் வாங்கியவர்களின் பிள்ளைகள், பேரர்கள். மழைக்காலமாதலால் வில்லின் மயிர் தளர்ந்துபோகும், வயலின் ஒட்டு எங்காவது விட்டிருக்கும், காலுறைகள் ஈரமாக இருக்கும்.

நிகழ்ச்சியின் நடுவில் இறந்தோருக்கான ஊதொலியை வாசிக்கிறோம். 1930களின் தொடக்கத்தில் பாரிசில் இயற்றப்பட்ட அது முரசும் எக்காளமும் மட்டும் கொண்ட சில வரிகள்தாம். ட்ரம்பெட் வாசிக்கும் பையனுக்கு அதற்கு முன் ஏறக்குறைய இருபது நிமிடம் வேலையே இல்லை. குளிர்ந்துபோன வாத்தியத்தின் சுருதி இறங்கிவிடும் என்பதால், ஊதுமுனையைக் கழற்றி உள்ளங்கையில் பொத்தி, அவ்வப்போது சத்தமில்லாமல் வாத்தியத்துக்குள் வெதுவெதுப்பான மூச்சை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எழுந்து நின்றால் முதல் சுரத்துக்கு எந்தத் துணையும் கிடையாது. அந்தப் பையனின் காதுமடல் சிவப்பதை என் நாற்காலியிலிருந்து பார்ப்பேன்.

ஊதொலி முடிந்ததும் ஒரு நிமிட மௌனம். முதல் ஆண்டு அந்த மௌனத்தைக் கெடுத்தது நான்தான். ஊதொலியோடு பக்கம் முடியும்படி தாள்களைத் தைத்திருந்தேன். முரசு ஓய்ந்த மறுநொடியே இருபது ஸ்டாண்டுகளிலும் ஒரே நேரத்தில் தாள் புரண்டது, வைக்கோல் போரில் பசு புகுந்ததுபோல. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மறு ஆண்டு ஊதொலியையும் அடுத்த பாடலின் தொடக்கத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும்படி திரும்ப எழுதித் தைத்தேன். இப்போது அந்த ஒரு நிமிடத்தில் கூரையில் விழும் மழை மட்டுமே கேட்கிறது.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா சொல்தா. தாய்மாமனோ விடுதலைப் போராட்டத்தில் இருந்து, போலீசுக்குப் பயந்து கடலூர்ப் பக்கம் போய் ஒளிந்திருந்தவர். எப்படி இரண்டுக்கும் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அப்பாவுக்குப் பதினொண்ணு, மாமாவுக்கு ஒண்ணும்மா. ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உக்காந்து சண்டை போட்டவங்க. நான் நடுவுல உக்காந்து கேட்டவன்" என்றார். பிறகு, ஒன்றாம் தேதி கிராமத்தில் சினிமாப் பாட்டு மாதிரி அடித்து வாசித்தோம் என்றும் இன்று பரவாயில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். கூட்டத்தைப் பார்த்தால் எங்களுக்குத் தாளம் ஓடிவிடுகிறது. பச்சைக் கோப்பின் முதல் பக்கத்தில் "மெதுவாக" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.