டீசல் பிக்கப்பில் பற்றரி கொதித்தால்: ஒல்டனேற்றரைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வண்டி பழைய ஜப்பானிய டீசல் டபுள் கெப். 12 வோல்ற், ஒற்றைப் பற்றரி, எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது ஒல்டனேற்றர், அந்தச் சார்ஜை அளவோடு வைத்திருப்பது ரெகுலேற்றர். இதில் ரெகுலேற்றர் ஒல்டனேற்றருக்கு உள்ளேயே இருக்கும் வகை. ஹெட்லைற் பல்புகள் அடிக்கடி போயின. பற்றரியின் மேல்மூடி காய்வதே இல்லை. பொனற்றைத் திறந்தால் கூழ்முட்டை நாற்றம். இவை சேர்ந்து வந்தால் ஓவர்சார்ஜ், அதாவது அளவுக்கு மீறிய சார்ஜ், என்று சந்தேகிப்பது சரிதான். கொழும்பில் இதற்கு உடனே கிடைக்கும் ஆலோசனை, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் வேறொரு ஒல்டனேற்றர் வாங்கிப் போடு என்பது. அந்தச் செலவுக்கு முன் ஒரு மல்டிமீற்றரை எடுத்துப் பாருங்கள். இந்த வண்டியில் ஒல்டனேற்றரும் பழுதில்லை, ரெகுலேற்றரும் பழுதில்லை.

மீற்றருக்கும் முன் கண். ஆறு மூடிகளையும் கழற்றி நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். பற்றரியில் இருந்து வருவது ஐதரசன். பக்கத்தில் சிகரெட், லைற்றர் கூடாது. ஆறு செல்லிலும் தண்ணீர் ஒரே அளவு இறங்கியிருந்தால் சார்ஜ் கூடுகிறது. ஒரு செல் மட்டும் மற்ற ஐந்திலிருந்து வேறுபட்டு நின்றால் பற்றரியே பழுது: அந்த ஒரு செல் ஷோர்ற் ஆகிவிட்டால் 14.2 வோல்ற் முழுவதும் மீதி ஐந்து செல்களின் மேல் விழும், செல்லுக்கு 2.8 வோல்றுக்கும் மேல். மீற்றர் சரியான சார்ஜ் காட்டும், பற்றரி கொதித்துக்கொண்டே இருக்கும். இதில் ஒல்டனேற்றரை எத்தனை தடவை மாற்றியும் பயனில்லை. இங்கே ஆறும் சமமாக இறங்கியிருந்தன.

அடுத்தது வோல்ற்றேஜ். மீற்றர் முனைகளைக் கிளாம்பில் வைக்காமல் பற்றரியின் ஈயத் தூணிலேயே வைக்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 இருந்தது. டீசலில் ஸ்ராற் எடுத்தவுடன் அளப்பது சரிவராது. ஹீற்றர் பிளக்கும் ஸ்ராற்றரும் இழுத்த கரண்டை ஒல்டனேற்றர் திருப்பிப் போட்டு முடிக்கட்டும். பத்து நிமிடம் ஓடியபின் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்பது ஆரோக்கியம். இங்கே 15.3.

இந்த இடத்தில் அவசரப்படாமல் எஞ்சின் வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நோயைப் பிரித்துக் காட்டும் சோதனை இதுதான். வேகம் கூடக் கூட 16, 17 என்று வோல்ற்றேஜும் ஏறினால் கட்டுப்படுத்த ஆளில்லை என்று பொருள்: ரெகுலேற்றர் ஷோர்ற், அல்லது பிரஷ் வயர் பொடியில் (உலோக உடலில்) முட்டுகிறது. அப்படியானால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இந்த வண்டியிலோ ஐட்லிங்கைத் தாண்டியதும் 15.3, நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் அதே 15.3. அசையவில்லை. ஆக, ரெகுலேற்றர் வேலை செய்கிறது. அதற்குப் போகும் தகவல்தான் பிழை.

ஜப்பானிய டென்சோ நிறுவன வகை ஒல்டனேற்றர்களின் சொக்கெற்றில் பொதுவாக மூன்று வயர்கள்: ஐஜி, எஸ், எல். ஐஜி சாவியில் இருந்து வருவது, எல் டாஷ்போர்ட் லைற்றுக்குப் போவது. எஸ் தான் பற்றரியின் வோல்ற்றேஜை ரெகுலேற்றருக்குச் சொல்லும் வயர். அந்த வழியில் எங்காவது தடை விழுந்து 1 வோல்ற் குறைந்தால், பற்றரி குறைவாக இருக்கிறது என்று நினைத்து ரெகுலேற்றர் அந்த 1 வோல்றையும் சேர்த்து ஏற்றிவிடும்.

சொக்கெற்றைக் கழற்றாமல், எஞ்சின் ஓடும்போதே, அதன் பின்பக்கத்தில் எஸ் வயர் நுழையும் இடத்தால் மெல்லிய குண்டூசி ஒன்றைச் செருகி அளக்க வேண்டும். குண்டூசி பொடியில் தொடக்கூடாது, கையும் சட்டையும் பெல்ற்றுக்குக் கிட்டப் போகக்கூடாது. 14.3 காட்டியது. அதே நேரம் பற்றரியில் 15.3.

பலர் ஏமாறுவது இங்கேதான். சொக்கெற்றைக் கழற்றிவிட்டு எஸ் வயரை அளந்தால் முழு 12.6 காட்டும், வயர் நல்லது என்று தோன்றும். கரண்ட் ஓடாத வயரில் எவ்வளவு தடை இருந்தாலும் வோல்ற் குறையாது. கழற்றித்தான் பார்க்க முடியும் என்றால், அந்த முனைக்கும் பொடிக்கும் இடையில் 5 வாற் பார்க் பல்ப் ஒன்றைப் போடுங்கள். நல்ல வயர் அதைப் பிரகாசமாக எரிக்கும். இங்கே பல்பின் இழை சிவக்கவே இல்லை.

அந்த வயரைப் பின்தொடர்ந்தால் பியூஸ் பெட்டி வரும். மூடியில் ‘ஏஎல்ற்றி-எஸ்’ என்று குறித்த 7.5 அம்பியர் பியூஸ். கம்பி அறுந்திருக்கவில்லை, அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல பியூஸ்தான். இழுத்து எடுத்தபோது ஒரு காலில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பெட்டியில் அது நுழையும் கவ்வியின் உள்ளேயும் அதே பச்சை. கடற்கரை வீதிகளில் இரவு முழுக்க நிறுத்தும் வண்டிகளில் இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. பற்றரியின் நெகற்றிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, கொன்ராக்ற் கிளீனர் அடித்து, கவ்வியைச் சுரண்டி, சற்றே இறுக்கி, புதுப் பியூஸ் போட்டதும் பற்றரியில் 14.2.

கொதித்த அமிலம் பற்றரி வைக்கும் தட்டில் வடிந்திருக்கும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவலாம், ஒரு துளிகூட செல்லுக்குள் போகக்கூடாது. செல்லுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும், தகட்டுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீற்றர். அமிலம் சேர்க்க வேண்டாம். ஆவியாகிப் போனது தண்ணீர்தான்.

ரெகுலேற்றர் தனிப்பெட்டியாக மட்கார்டில் பூட்டியிருக்கும் இன்னும் பழைய வண்டிகளில், முதலில் அதன் ஏர்த்தை (பொடியோடு சேரும் நெகற்றிவ் இணைப்பை) பாருங்கள். பூட்டிய இடம் துருப்பிடித்தால் அதற்கும் வோல்ற் குறைவாகவே தெரியும், ஓவர்சார்ஜ் வரும். ஒல்டனேற்றரின் சொந்த ஏர்த் கெட்டால் நேர்மாறு, சார்ஜ் குறையும். ஈசியூ (எஞ்சின் கணினி) சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய பிக்கப்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. சிலவற்றில் 15 வோல்றுக்கு அருகில் சிறிது நேரம் போவது அதன் வடிவமைப்பு. எந்த வண்டியானாலும், எஞ்சின் ஓடும்போது பற்றரிக் கிளாம்பைக் கழற்றி ‘செக்’ பண்ணும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். அந்தக் கணத்தில் எழும் வோல்ற்றேஜ் டயோட்டையும் ஈசியூவையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

உண்மையிலேயே ஒல்டனேற்றரைத்தான் கழற்ற வேண்டி வந்தால், டொயோட்டாவின் எல் ரக எஞ்சின்கள் போன்றவற்றில் அதன் முதுகில் பிரேக் பூஸ்டருக்கான வெக்கியூம் பம்ப் இருக்கும். பம்பின் சீல் கசிந்தால் எஞ்சின் ஒயில் உள்ளே போய், பிரஷ் தூளோடு குழைந்து ரெகுலேற்றரைக் கெடுக்கும். சீலை மாற்றாமல் ரெகுலேற்றரை மட்டும் மாற்றினால் அதுவும் கெடும். ஒயில் குழாயின் செப்பு வாஷர்களைப் புதிதாகவே போடுங்கள். பூட்டி முடித்தபின் எஞ்சின் ஓடும்போது பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். கல்லாக இறுகி நின்றால் வெக்கியூம் வரவில்லை. வண்டியை வீதிக்கு எடுக்க வேண்டாம்.