ஒரு காணிகூட நனைக்காத வாய்க்கால்

பர்மிங்ஹாம் ரயில் நிலையத்தில் ‘வொர்செஸ்டர்’ என்று எழுத்துக்கு எழுத்து கூட்டி டிக்கெட் கேட்டேன். கவுண்டரில் இருந்தவருக்குப் புரியவில்லை. மூன்றாவது முறை, ‘ஓ, வூஸ்டர்!’ என்றார். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. அதில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்ல வேண்டுமாம். இங்கிலாந்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

மனைவிக்கு இந்த வூஸ்டரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவளோடு வந்த நான் ஊருக்கு வடக்கே ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். முதல் இரண்டு வருடம் இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்றே விஷயம்: சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைக்கும் நேரம், எந்தப் பஸ் ஞாயிற்றுக்கிழமை வராது என்பது, வேலைக்கு சைக்கிளில் போகும் கால்வாய்ப் பாதை. ஊரில் எங்கே நின்றாலும் கதீட்ரலின் கோபுரம் தெரியும். ஆனால் உள்ளே போனது ஒரே தடவை. அதுவும் மழைக்கு ஒதுங்க.

முதல் வீடு செவர்ன் ஆற்றுக்குப் பக்கத்தில் கிடைத்தது. தரைத்தளம், வாடகை குறைவு. ‘நடந்தால் இரண்டு நிமிடத்தில் ஆறு’ என்று ஏஜென்ட் பெருமையாகச் சொன்னார். ஆற்றுக்கும் நம் வீட்டுக்கு வர அதே இரண்டு நிமிடம்தான் என்பதை அவர் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தால், தெருமுனையில் அன்னப்பறவைகள் நீந்திக்கொண்டிருந்தன. எங்கள் வாசலுக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீர் நின்றுவிட்டது. நல்லவேளை. ஆனால் அன்றிரவு அரிசி மூட்டையை அலமாரி மேல் ஏற்றிவைத்துவிட்டுத்தான் தூங்கினோம். அடுத்த மாதமே மேட்டில் வீடு மாறினோம்.

போன செப்டம்பரில் அப்பா வந்தார். மாட்டை விட்டு வர முடியாது என்று அம்மா வரவில்லை. அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரத்தநாட்டுப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்கால்களில் ஷட்டர் ஏற்றி இறக்குவதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. அந்தக் கால்வாய் 1934இல் திறந்தது. எங்கள் பக்கத்தில் இன்னமும் அதற்குப் ‘புது ஆறு’ என்றுதான் பெயர்.

வந்த மூன்றாம் நாள் கதீட்ரலுக்குக் கூட்டிப்போனேன். கட்டணம் இல்லை, விரும்பினால் காணிக்கை போடலாம். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். மனசில்லாமல்தான் உள்ளே வந்தார்.

பலிபீடத்துக்கு முன்னால் ஜான் மன்னரின் கல்லறை. 1215இல் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு வேண்டாவெறுப்பாக முத்திரை வைத்தவர், மறு வருடமே இறந்துபோனார். தன்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தாராம். கல்லில் மன்னர் படுத்திருக்கிறார். தலைமாட்டில் இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு புனிதர்கள், ஆஸ்வால்டும் வுல்ஃப்ஸ்டனும். ‘செஞ்ச காரியத்துக்குத் துணைக்கு ரெண்டு சாமியார் வேண்டித்தான் இருக்கு’ என்றார் அப்பா. பக்கத்திலேயே இளவரசர் ஆர்தரின் சன்னிதி. 15 வயதில், 1502இல் இறந்த பையன். இவன் பிழைத்திருந்தால் தம்பி எட்டாம் ஹென்றிக்குப் பட்டமே வந்திருக்காது, இங்கிலாந்தின் கதையே வேறாகியிருக்கும். அப்பாவுக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. நிலவறைக்கு இறங்கினோம். அந்தக் காலத்துப் பிஷப் வுல்ஃப்ஸ்டன் கட்டத் தொடங்கியது 1084இல் என்று சொன்னேன். அப்பா தூண்களைத் தடவிப் பார்த்தார்.

‘நம்ம பெரிய கோயில்?’

‘1010இல முடிச்சாங்கப்பா.’

‘அப்போ இது அதுக்குத் தம்பி’ என்றார். அதற்கப்புறம்தான் அவருக்கு அந்த இடம் பிடித்துப்போனது போல் இருந்தது.

கதீட்ரலின் பின்பக்கம் ஆற்றங்கரையில் ஒரு பழைய வாசல் இருக்கிறது. வாட்டர்கேட் என்பார்கள். அதன் சுவரில் எந்த வருடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று கோடு போட்டுக் குறித்திருக்கிறார்கள். 1770 உயரத்தில் இருக்கிறது. 1947ம் நம் தலைக்கு மேலேதான். கோயிலுக்குள் கால் மணி நேரம்கூட நிற்காத மனிதர் இந்தச் சுவருக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார். ஒவ்வொரு வருடத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னார். கையை உயர்த்தி, ஆற்றைத் திரும்பிப் பார்த்து, கண்ணாலேயே மட்டம் பிடித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

‘வீடு பிடிக்கிறதுக்கு முன்னாடி இந்தச் சுவத்த வந்து பாத்தியா?’

நான் பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் கால்வாயின் சிட்பரி லாக். இரண்டு பக்கமும் கதவு போட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் தொட்டிக்குத்தான் லாக் என்று பெயர். தினமும் சைக்கிளில் கடந்துபோகும் இடம்தான். பக்கத்தில் கமாண்டரி என்ற மரச்சட்டக் கட்டடம். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டை 1651இல் இந்த ஊரில் நடந்தது. அதில் அரசர் பக்கத்துப் படை இதைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டது. நாடாளுமன்றப் படைத்தலைவர் க்ராம்வெல்லிடம் தோற்று, இரண்டாம் சார்லஸ் இங்கிருந்து தப்பி ஓடினார். கதவில் அறிவிப்பெல்லாம் தமிழில் இல்லையே, நான்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா காதில் வாங்கவில்லை. அவர் கண் கால்வாயில் இருந்தது.

‘இது எங்கேருந்து வருது?’

பர்மிங்ஹாமிலிருந்து. 30 மைல். 1815இல் முழுதாகத் திறந்தார்கள். வழியில் 58 லாக். செவர்ன் ஆற்றிலிருந்து பர்மிங்ஹாம் மட்டத்துக்குப் படகு ஏறத்தாழ 130 மீட்டர் ஏற வேண்டும். டார்டிபிக் என்ற இடத்தில் 30 லாக் அடுத்தடுத்து, படிக்கட்டு மாதிரி.

‘எத்தனை ஏக்கர் பாசனம்?’

‘பாசனமே கிடையாதுப்பா. சரக்குப் படகுக்கு வெட்டினது. நிலக்கரி, உப்பு, தானியம். இப்ப அதுவும் இல்ல.’

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முப்பது மைல் வாய்க்கால், ஒரு காணிகூட நனையவில்லை என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ‘அப்ப தண்ணிய மேல எப்படி நிறுத்துறான்?’ என்று அடுத்த கேள்வி. அதுதான் சரியான கேள்வி. ஒவ்வொரு முறை ஒரு படகு ஏறி இறங்கும்போதும் ஒரு லாக் நிறையத் தண்ணீர் கீழே போய்விடுகிறது. 70 அடி நீளம், 7 அடி அகலம், ஆழத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அதை ஈடுகட்டத்தான் மேலே ஏரிகள் வெட்டிவைத்திருக்கிறார்கள். டார்டிபிக்கிலும் ஒன்று உண்டு.

இந்த இடத்தில் அவருக்கு மிகவும் பிடித்த கதையைச் சொன்னேன். இந்தக் கால்வாயைப் பர்மிங்ஹாமில் தோண்டத் தொடங்கியபோது, அங்கே ஏற்கெனவே கால்வாய் வைத்திருந்த கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தண்ணீர் உங்கள் பக்கம் ஓடிவிடும் என்றது. முடிவில் இரண்டு கால்வாய்க்கும் நடுவில் 7 அடி அகலத்துக்கு ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் ஒரு படகு, அந்தப் பக்கம் ஒரு படகு. சரக்கை ஆட்கள் தூக்கித் தூக்கி மாற்ற வேண்டும். ஏறக்குறைய இருபது வருடம் இப்படியே ஓட்டினார்கள். 1815இல்தான் தடுப்பை உடைத்து லாக் வைத்தார்கள். அந்தத் தடுப்பின் மிச்சம் பர்மிங்ஹாமில் கேஸ் ஸ்ட்ரீட் பேசின் என்ற படகுத்துறையில் இன்னமும் இருக்கிறது. வூஸ்டர் பார் என்று பெயர்.

அப்பா சிரித்த சிரிப்பில் கமாண்டரிக்கு வந்த வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். ‘வெள்ளைக்காரனும் தண்ணிக்கு வரப்பு வெட்டித்தான் அடிச்சிக்கிட்டானா!’ ஒரத்தநாட்டில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலத்தில் ராத்திரியில் ஷட்டருக்குக் காவல் இருந்த மனிதர் அவர்.

அப்போதுதான் கால்வாய் ஆற்றோடு சேரும் டிக்லிஸ் பக்கமிருந்து ஒரு படகு வந்தது. இந்தக் கால்வாய்ப் படகுகளை நேரில் பார்க்காதவர்களுக்கு: அகலம் ஏழடிக்கும் கொஞ்சம் குறைவு, நீளம் எழுபது அடி வரை போகும். ரயில் பெட்டியைத் தண்ணீரில் இறக்கியது மாதிரி. கூரையில் விறகு, நிலக்கரி மூட்டை, சைக்கிள், சோலார் தகடு, ஒரு தொட்டியில் கொத்தமல்லி. பக்கவாட்டில் ரோஜாப் பூவும் கோட்டையும் வரைந்திருக்கும். அது படகுக்காரர்களின் பழைய வழக்கம். மணிக்கு நான்கு மைல்தான் வேக எல்லை. பக்கத்தில் நடந்துபோகிறவர் முந்திவிடுவார். இதிலேயே குடியிருக்கும் ஆட்கள் நிறைய. நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாதவர்கள் 14 நாளுக்கு ஒருமுறை நகர்ந்தாக வேண்டும். வீட்டு வாடகையைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு காலத்தில் அந்த யோசனை வந்தது. கழிவறைப் பெட்டியை நாமே தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும் என்று தெரிந்ததும் மனைவி அந்தப் பேச்சை முடித்துவைத்தாள்.

படகில் இருந்தது ஒரு பாட்டி. எழுபது வயது இருக்கும், கூட ஒரு நாய் மட்டும். மேலே ஏறப் போகிறார். உதவட்டுமா என்று கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த விண்ட்லஸை எடுத்துக் கொடுத்தார். ‘ட’ வடிவத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடி, ஒரு முனையில் சதுர ஓட்டை. அப்பா அதைப் பார்த்தாரோ இல்லையோ, என் கையிலிருந்து வாங்கிவிட்டார். கையில் எடை பார்த்தார். ‘நம்ம ஷட்டர் சாவிதானே இது.’

அதற்குப் பிறகு மொழிபெயர்க்க எனக்கு வேலையே இல்லை. பாட்டி விரலைக் காட்டுவார், அப்பா தலையசைப்பார். படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவைச் சாத்தினார்கள். கதவிலிருந்து நீண்டிருக்கும் பெரிய மரச்சட்டத்தை முதுகால் தள்ள வேண்டும். கால் வைத்து உந்துவதற்குத் தரையில் செங்கல் வரிசை எழும்பியிருக்கும். அப்புறம் மேல்பக்கத்து ஷட்டர். பேடில் என்கிறார்கள். பாதி ஏற்றிவிட்டு அப்பா நிறுத்தினார். நான் ஏன் என்று கேட்பதற்குள் பாட்டி கட்டைவிரலை உயர்த்தினார். ஒரேயடியாக ஏற்றினால் தண்ணீர் பாய்ந்து படகை முன்னும் பின்னும் இழுத்து அடிக்கும். முதல் பாதி மெதுவாக, அப்புறம் முழுசாக. இரண்டு வருடமாகத் தினமும் இந்த வழியாகப் போகும் எனக்கு அது தெரியாது.

தண்ணீர் சமமானதும் கதவு லேசாக அசைந்தது. அதுவரை யானை வந்து தள்ளினாலும் அசையாது. ஷட்டரை இறக்கும் பொறுப்பை அப்பா பெரிய மனசு பண்ணி எனக்குக் கொடுத்தார். நான் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கைப்பிடி நழுவி நேராகக் கால்வாய்க்குள் ‘ப்ளக்’.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கயிற்றில் கட்டிய ஒரு கனத்த காந்தத்தோடு வந்தார். படகுக்காரர்கள் பலர் இதற்கென்றே வைத்திருப்பார்களாம். தூண்டில் போடுவது மாதிரி மூன்று முறை இறக்கினார். முதலில் ஒரு பழைய சங்கிலி, அடுத்து சேறு, மூன்றாவது முறை விண்ட்லஸ். ‘தொண்ணூத்தி நாலுல புது ஆத்துல நான் ஒன்ன விட்டுட்டு அரை நாள் முங்கி முங்கி எடுத்தேன்’ என்றார் அப்பா, காந்தத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். கிளம்பும் முன் பாட்டி அவருக்குக் கைகொடுத்தார். எனக்கு ஒரு பிஸ்கட்.

திரும்பும்போது அப்பா மேல்கதவைக் காட்டினார். மரப் பலகை இடுக்கில் விரல் பருமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ‘இத இப்படியே விட்டா மேல வத்திடும். யார்கிட்ட சொல்லணும்?’ யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது இந்த ஊரின் பேர்போன வூஸ்டர் சாஸ் பாட்டிலை எடுத்துவைத்தேன். லீ அண்ட் பெரின்ஸ் கம்பெனி, 1837லிருந்து விற்கிறது. லேபிளை வாசித்துக் காட்டினேன்: வினிகர், கரும்புப்பாகு, உப்பு, நெத்திலி வகை மீன், புளி, வெங்காயம், பூண்டு. அப்பா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ‘மீன் கொழம்ப ஆறவச்சு வடிகட்டிப் பாட்டில்ல அடைச்சிருக்கான்’ என்றார்.

நவம்பரில் ஊருக்குப் போய்விட்டார். இந்த ஜூன் 12 காலை, ஷிப்ட் முடிந்து பனியனோடு உட்கார்ந்திருக்கும்போது போன். மேட்டூர் திறந்தாச்சு, இன்னும் நாலஞ்சு நாளில் கல்லணைக்கு வந்துவிடும் என்றார். அம்மாவின் முழங்கால், மாடு, கூரை எல்லாம் பேசி முடித்தார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

‘அந்த மேல்கதவு ஒழுகிச்சே, சரி பண்ணானா?’

சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன்.