மியூராவின் மூக்கு

கிராண்ட் டூரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தய வீடியோ கேமை விளையாட ஆரம்பித்த நாளிலிருந்து நான் காசு சேர்த்தது ஒரே காருக்குத்தான்: லம்போர்கினி மியூரா பி400. கேமுக்குள் இருக்கும் லெஜண்ட் கார்ஸ் கடையில் அது நினைத்தபோதெல்லாம் கிடைக்காது. பழைய கார்கள் மாறி மாறி வரும், போகும். முதல் தடவை வந்தபோது காசு போதவில்லை. இரவெல்லாம் பந்தயம் ஓட்டிச் சேர்த்துக்கொண்டு போனால், விற்றுத் தீர்ந்திருந்தது. மறுபடி வரும்வரை வேறு எதையும் வாங்கவில்லை.

வாங்கியதும் நேராக மான்ஸா பந்தயத் தடத்துக்குப் போனேன். இத்தாலிக் காரை இத்தாலியில் ஓட்டிப் பார்க்க ஆசை. ரேஸிங் டயர் போட மனம் வரவில்லை, பிடிப்பு குறைந்த கம்ஃபர்ட் டயர்தான். நேர்ப்பாதையில் வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் கையில் லேசாகிக்கொண்டே வந்தது. முன்சக்கரம் சாலையைத் தொட்டும் தொடாமலும் ஓடுவதுபோல ஒரு உணர்வு. வயிற்றைப் பிசைந்தது.

நிஜ மியூராவுக்கும் இந்தக் குணம் உண்டு. பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருப்பதால், பெட்ரோல் குறையக் குறைய மூக்கு தூக்கும். 3.9 லிட்டர் வி12 எஞ்சினோ இருக்கைக்குப் பின்னால், குறுக்குவாட்டில். மினி என்ற சின்ன பிரிட்டிஷ் காரில் எஞ்சினைக் குறுக்கே வைத்திருந்ததைப் பார்த்து லம்போர்கினியின் பொறியாளர் டல்லாராவுக்கு வந்த யோசனை அது. 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மியூரா நின்றபோது டல்லாராவுக்கும் சக பொறியாளர் ஸ்டன்ஸானிக்கும் வயது 29. ஓட்டிச் சோதித்த பாப் வாலஸுக்கும், பெர்டோனே நிறுவனத்தில் அதன் உடலை வரைந்த மார்செல்லோ கான்டினிக்கும் 27. நால்வரில் ஒருவருக்குக்கூட முப்பது ஆகவில்லை! ஹெட்லைட்டைச் சுற்றி இமைமுடி மாதிரி கறுப்புக் கோடுகள் வைக்க அந்த வயதில்தான் தோன்றும் என்று நினைக்கிறேன்.

என்னைத் திணறடித்தது மான்ஸாவின் கடைசி வளைவான பராபோலிகா. உள்ளே நுழைந்தபின் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் முடிந்தது, பின்னால் இருக்கும் எஞ்சினின் எடை வாலை வெளியே வீசிவிடும். பிரேக்கை முன்கூட்டியே பிடித்து, வளைவுக்குள் காலை நடுங்கவிடாமல் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். இது புரியவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. அப்புறம் வேறு எந்தக் காரிலும் அந்த வளைவு ருசிக்கவில்லை.

2024 மார்ச்சில் கான்டினி இறந்துபோனார். அன்று இரவு வழக்கமாகச் சேர்ந்து ஓட்டும் நண்பர்கள் ஆன்லைனில் இருந்தார்கள். ஒருவரிடம் ஜாகுவார் ஈ-டைப், இன்னொருவரிடம் டொயோட்டா 2000ஜிடி. பந்தயம் வேண்டாம், சும்மா ஓட்டலாம் என்றேன். சரி என்றார்கள். மியூராவை முன்னால் விட்டுவிட்டு இருவரும் பின்னாலேயே வந்தார்கள். மைக்கில் யாரும் பேசவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து சுற்று போனோம்.