செம்மஞ்சள் விளக்கும் ஒரு பக்கச் சத்தமும்

கடந்த மார்கழி மாதம் ஊர்காவற்றுறையில் உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக்குச் சென்றுவிட்டு, மாலையில் வீடு திரும்புவதற்காகக் காரை ஸ்ராட் செய்தபோது, மீற்றரில் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்துள்ள சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அதற்குப் பக்கத்தில், அதுவரை நான் கண்டிராத செம்மஞ்சள் விளக்கொன்று அணையாமல் நின்றது. நடுத்திரையில் யப்பானிய மொழியில் ஒரு வரி தோன்றியது. பாவித்த வாகனமாக யப்பானிலிருந்து இறக்குமதியான கார் என்பதால், பெற்றோல் குறைந்தாலும் கதவு பூட்டுப்படாவிட்டாலும் அது அந்த மொழியில்தான் முறையிடும். மகன் கைத்தொலைபேசிக் கமராவைத் திரைமுன் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, “அப்பா, பாக்கிங் பிறேக்கிலை ஏதோ பிழையாம்” என்றான்.

எனக்கு முதலில் வந்த பயம் கால் பிறேக்கும் போய்விட்டதோ என்பதுதான். பொனற்றைத் திறந்து பிறேக் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தது. மிதியை அழுத்தியபோது வழமையான இறுக்கத்துடன் நின்றது. எண்ணெய் குறைந்திருந்தாலோ மிதி அடிவரை இறங்கியிருந்தாலோ, காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வந்திருப்பேன்.

மின்சாரப் பாக்கிங் பிறேக் உள்ள இவ்வகைக் கார்களில் இழுத்து நிறுத்தும் தடி இல்லை. இருக்கைகளுக்கு நடுவே விரலளவு சுவிச் ஒன்றே இருக்கும். அதை மேலே இழுத்தால், பின்சில்லுகள் இரண்டின் கலிப்பர்களிலும் (பிறேக்கின் கவ்விகள்) பூட்டப்பட்டுள்ள சிறிய மோட்டர்கள் சுழன்று, உள்ளே இருக்கும் திருகாணியின் மூலம் பிஸ்டனைத் தள்ளி, உராய்வுக் கட்டைகளான பாட்களை, சில்லோடு சுழலும் டிஸ்க்கோடு இறுக்குகின்றன. கால் பிறேக்கும் அதே பாட்களைத்தான் அழுத்துகிறது என்றாலும், அது எண்ணெயின் அழுத்தத்தால் நடப்பது; இது மின்சாரத்தால் நடப்பது. ஆகவே ஒன்று பழுதாவதால் மற்றது பழுதாகிவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை.

வாகனக் கையேட்டின் ஆங்கிலப் பிரதி கைத்தொலைபேசியில் இருந்தது. சிவப்பு விளக்கு நிலையாக ஒளிர்ந்தால் பிறேக் போடப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. மின்னினால், பிறேக் முழுதாக இறுகவில்லை அல்லது முழுதாக விடுபடவில்லை. செம்மஞ்சள், அந்தத் தொகுதியே தன்னுள் ஒரு கோளாற்றைக் கண்டுகொண்டதன் அறிகுறி. (விளக்குகளின் வடிவம் வாகனத்துக்கு வாகனம் மாறும், தத்தம் கையேட்டைப் பார்ப்பதே நல்லது.) எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன.

காரை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஸ்ராட் செய்தேன், மாற்றமில்லை. பிறகு மகனை இறக்கிப் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கச் சொல்லி, கால் பிறேக்கை அழுத்தியபடி சுவிச்சை இழுத்தேன். இடப்பக்கத்தில் ‘கிர்ர்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது. “இந்தப் பக்கம் ஒண்டும் கேக்கேல்லை” என்றான் வலப்பக்கம் இருந்தவன். சுவிச்சை அமர்த்தினேன், மறுபடியும் இடப்பக்கம் மட்டுமே சத்தம். வலப்பக்க மோட்டர் அசையவே இல்லை. பின்னர் இரண்டு கராச்சுகளில் நடந்தவற்றைக் காட்டிலும், அந்த இரண்டு நிமிடங்களில் தெரியவந்ததே அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன்.

வலப்பக்கம் இறுகிய நிலையில் சிக்கியிருந்தால் சில்லை இழுத்துக்கொண்டு ஓடுவதாகிவிடும்; பாட் எரிந்துவிடும். ஆகவே மட்டமான இடத்தில் காரை மெதுவாக உருளவிட்டுப் பார்த்தேன், தடையின்றி உருண்டது. அல்லைப்பிட்டியில் ஒருமுறையும் தீவுப்பகுதியை யாழ்ப்பாணத்துடன் இணைக்கும் பண்ணைப் பாலம் கடந்ததும் ஒருமுறையும் இறங்கி, றிம்முக்கு அருகே புறங்கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு சில்லுகளிலும் ஒரே அளவு வெப்பமே இருந்தது. அந்தப் பாலத்தில் காற்றடித்த உப்புத்தண்ணீர் கண்ணாடியில் தெறித்துக்கொண்டிருந்தது. அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

வீட்டில் கியரைப் ‘பி’யில் போட்டுவிட்டு இரு சில்லுகளுக்கும் பனங்குற்றி வைத்தேன். யாழ்ப்பாணம் மட்டமான தரை என்பது பெரிய வசதி. மேட்டு நிலத்தில் ‘பி’யை மட்டும் நம்பினால் கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் சிறிய பல்லொன்றே முழுக் காரையும் தாங்க வேண்டிவரும்.

மறுநாள் சென்ற கராச்சில், பற்றரி போய்விட்டது என்றார்கள். குறைந்த வோல்ற்றேஜில் இந்த விளக்கு வருவது உண்மைதான். ஆனால் மல்ரிமீற்றரில் 12.5 வோல்ற் காட்டியது, இடப்பக்க மோட்டரோ நன்றாகவே சுழன்றது. அதைச் சொன்னதும், “அப்ப கலிப்பரை முழுசா மாத்த வேணும் அண்ணை” என்று பேச்சு மாறியது. அவர்களிடமிருந்த சிறிய ஸ்கான் கருவி எந்தப் பிழையும் இல்லை என்றது. அவ்வகைக் கருவிகளில் பல எஞ்சினின் பிழைக் குறியீடுகளை மட்டுமே வாசிக்கும், பிறேக்குத் தொகுதிக்குள் எட்டிப்பார்க்காது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். ‘பிழை இல்லை’ என்று திரையில் வந்ததை அன்று நானும் அரைமனதாக நம்பிவிட்டேன்.

நண்பர் ஒருவர் சொல்லி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்தில் வாகன மின்வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவருடைய ஸ்கானர் பிறேக்குத் தொகுதியைத் தனியாகத் திறந்து, வலது பின் மோட்டரின் மின்சுற்றில் கோளாறு என்று காட்டியது. அவர் உடனே கலிப்பரைக் கழற்றவில்லை. “அண்மையிலை பின் பாட் மாத்தினனீங்களோ?” என்று கேட்டார். இரண்டு மாதங்களுக்கு முன் மாற்றியிருந்தேன். இவ்வகைக் கார்களில் பாட் மாற்றுமுன் ஸ்கானர் மூலம் மோட்டர்களைப் பராமரிப்பு நிலைக்குப் பின்னிழுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை அமத்தினால் உள்ளிருக்கும் திருகாணி கெட்டுவிடும் என்று விளக்கியபடியே அவர் ஜாக் வைத்துச் சில்லைக் கழற்றினார்.

திருகாணிக்கு ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை. மோட்டருக்குப் போகும் பிளக்கைத் தொட்டதும் அது தானாகவே கையோடு வந்தது; அதைப் பூட்டி வைத்திருக்க வேண்டிய பிளாஸ்ரிக் நாக்கு உடைந்திருந்தது. உள்ளே இரண்டு பின்களில் ஒன்று, கோயில் செப்புக்குடத்தின் அடியில் படிவதுபோன்ற பச்சைக் களிம்பால் மூடப்பட்டிருந்தது. மற்றையது பளபளப்பாகவே இருந்தது. பாட் மாற்றியபோது நாக்கை உடைத்தவர் சொல்லாமல் செருகிவிட்டிருக்கிறார். சரியாகப் பூட்டப்படாத இடுக்கால் மாரி மழையும் கடற்காற்றின் உப்பும் உள்ளே போயிருக்கின்றன. மாதத்துக்கு நான்கைந்து தடவை பண்ணைப் பாலத்தால் போய்வரும் காருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பழைய காரொன்றிலிருந்து எடுத்த பிளக்கை வயரோடு ஒட்டி, றப்பர் வளையமும் போட்டு, ஸ்கானரில் பிழையை அழித்தபின், சுவிச்சைப் பல தடவை இழுத்து அமர்த்தச் சொன்னார். செலவு 6,500 ரூபாய். கலிப்பருக்கு முதலில் கேட்கப்பட்ட தொகையை இங்கே எழுதினால் எனக்குத்தான் மறுபடியும் கோபம் வரும். இழுக்கும்போது சிவப்பு விளக்கு நிலையாக ஒளிர்ந்தது, அமர்த்தியதும் அணைந்தது; செம்மஞ்சள் வரவில்லை. மகன் வலப்பக்கச் சில்லருகே மறுபடியும் குந்தியிருந்து, “இப்ப ரெண்டு பக்கமும் கேக்குது” என்றான்.