களிமண்ணில் லெவ் யாஷின்: ஒரு பயிற்சியின் அனுபவம்

மாஸ்கோவில் சிற்பக்கலை பயிலும் எங்களுக்கு, நகரில் உள்ள சிலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் களிமண்ணில் சிறிய அளவில் வடித்துப் பிளாஸ்டரில் வார்த்துக் காட்ட வேண்டும் என்று ஒரு பயிற்சி தரப்பட்டது. தினமோ கால்பந்து அரங்கத்துக்கு வெளியே உள்ள, சோவியத் கால்பந்து கோல்கீப்பர் லெவ் யாஷினின் சிலையை நான் எடுத்துக்கொண்டேன். சிற்பி அலெக்சாண்டர் ருக்காவிஷ்னிக்கொவ் வடித்து 1999-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலை, கோல் கம்பத்தின் மேல் மூலைக்குப் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் யாஷினைக் காட்டுகிறது.

நிற்கும் மனிதனின் சிலையில் எடை கால்கள் வழியாகப் பீடத்துக்கு இறங்கிவிடும். அந்தரத்தில் இருக்கும் கோல்கீப்பருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, பலகையில் ஊன்றிய இரும்புக் கம்பியையே கோல் கம்பமாகக் கொண்டு, அதிலிருந்து ஒரு கிளையை யாஷினின் முதுகுக்குள் செலுத்தி, கை கால்களுக்கு மெல்லிய கம்பிகளை முறுக்கிக் கட்டினேன். ஈரக் களிமண் தன் கனத்தாலேயே வழுக்கி இறங்கும் என்பதால், கம்பிக்கூட்டில் ஆங்காங்கே சிறு மரத்துண்டுகளைக் குறுக்காகக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். அவைதான் மண்ணைத் தாங்கிப் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஈரத்துணியும் பாலித்தீனும் சுற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் விரல்கள்தான் முதலில் வெடிக்கும்.

வடிவம் ஓரளவு வந்த பிறகு, யாஷின் ஆடிய பழைய படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கமும், 1960-இல் முதல் ஐரோப்பிய நாடுகள் கோப்பையும் வென்ற சோவியத் அணியின் கோல்கீப்பர் அவர். ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் தோர் விருதை 1963-இல் பெற்றார், இன்றுவரை அதைப் பெற்ற ஒரே கோல்கீப்பரும் அவரே. படங்களில் என்னை அதிகம் ஈர்த்தது அவருடைய பாய்ச்சல் அல்ல. கோல் கோட்டிலிருந்து முன்னேறி வந்து, தடுப்பாட்டக்காரர்களைக் குரல் கொடுத்து நகர்த்தி, உயரப் பந்துகளைக் கையால் குத்தி விலக்கி, பிடித்த பந்தை உடனே சக வீரருக்கு எறியும் அந்த ஆட்டம்தான் கோல்கீப்பர் பணியையே மாற்றியது. பாய வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்வதில் வல்லவரை, பாயும் நிலையிலேயே நினைவில் நிறுத்துவது சரியா என்று நான் நெடுநேரம் யோசித்தேன்.

பதில் வேலையிலேயே கிடைத்தது. இடுப்பை முறுக்கும்போது தோளும் முழங்காலும் எதிரெதிர்த் திசையில் திரும்ப வேண்டியிருந்தது. கழுத்து மட்டும் சற்றும் இறுகாமல், முகம் பந்தையே பார்த்திருக்க வேண்டியிருந்தது. முறுக்கிய உடலின் மேல் அந்த அமைதியான தலையை வைத்தபோது, ஆட்டத்தை முன்கூட்டியே படித்துவிடும் யாஷின் அங்கே தெரிந்தார். அதன் பிறகு ருக்காவிஷ்னிக்கொவின் தேர்வை நான் மனமார ஏற்றுக்கொண்டேன்.

வார்ப்பு எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். தகரத் துண்டுகளை வரிசையாகச் செருகி உருவத்தை இரு பாதிகளாகப் பிரித்து, முதல் பூச்சில் கொஞ்சம் நிறம் கலந்த பிளாஸ்டரையும், அதன்மேல் தடிமனான வெள்ளைப் பிளாஸ்டரையும் பூச வேண்டும். இறுகியதும் களிமண்ணை அகற்றி, அச்சின் உட்புறத்தில் சோப்புக் கரைசல் தடவி, புதிய பிளாஸ்டரை ஊற்றி, பிறகு உளியால் அச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். நிறப்பூச்சு தென்பட்டால் உருவம் நெருங்கிவிட்டது என்று பொருள்; அங்கிருந்து உளியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மணிக்கட்டுகளுக்குள் முன்பே கம்பி வைத்து வார்த்திருந்ததால் கைகள் முழுமையாக வந்தன.

ஆசிரியர் இடுப்பின் முறுக்கைப் பாராட்டினார். வலையின் கண்ணிகள் தடித்துவிட்டதாகச் சொன்னார், அதைச் சுரண்டி மெலிதாக்கிக்கொண்டிருக்கிறேன். லுஷ்னிக்கி அரங்க வளாகத்திலும் யாஷினுக்கு ஒரு சிலை உண்டு. அடுத்த பருவத்தில் அதை வரைந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.