சிக்னல் எண்ணுக்குப் பதிலாகச் சொல் வேண்டும்

எங்கள் அலுவலகத்தில் இரவெல்லாம் ஓடும் சி நிரல் ஒன்று உண்டு. தாய் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் முதன்மை நிரல்) சில பிள்ளைகளை ஃபோர்க் செய்யும், அதாவது தன்னைப் போன்ற பிரதிகளை உருவாக்கும். எது செத்தாலும் எந்த சிக்னலால் (ப்ராசஸுக்கு வரும் எண்ணிட்ட அறிவிப்பு) என்று லாகில், அதாவது பதிவுக் கோப்பில், எழுதும். அந்த விளக்கத்தை சிஸ்_சிக்லிஸ்ட் என்ற அர்ரேயிலிருந்து (சிக்னல் விளக்கங்களின் பட்டியல்) எடுத்துவந்தது. உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு மாறியதும் நிரல் லிங்க் ஆகவில்லை. சி நிரல்களுக்கான அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.32 பதிப்பிலேயே புது நிரல்களுக்கு அந்த அர்ரே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள்.

அவசரத்துக்கு வெறும் எண்ணை அச்சிட்டேன். அன்றிரவே பணியில் இருந்த தம்பி போன் செய்தார்: "அண்ணே, 9-ன்னு வந்திருக்கு. நான் என்ன பார்க்கணும்?" எண்ணை வைத்து அவர் என்ன செய்வார்? சொல்லாகத்தான் தர வேண்டும்.

முதலில் பிசிக்னல் என்ற ஃபங்ஷனை முயன்றேன். எண்ணையும் ஒரு முன்னொட்டையும் கொடுத்தால் போதும், அழகாக எழுதும். ஆனால் பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎரரில்தான் எழுதும். எங்கள் லாகுக்குப் போவது வழக்கமான வெளியீடான எஸ்டிடிஅவுட் மட்டும். சரி என்று ஸ்டர்சிக்னல் என்ற இன்னொரு ஃபங்ஷனுக்கு மாறினேன். அது சரத்தைக் கையில் தரும், பிரிண்ட்எஃப்பில் போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டினால் தாய் ப்ராசஸே செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தவறான நினைவக முகவரியைத் தொட்டதால்) விழுந்தது! அரை நாள் போனது. மேக்ஃபைலில் (நிரலைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) கம்பைலருக்கு 'எஸ்டிடி=சி99', அதாவது சி99 தரத்தை மட்டும் பின்பற்று, என்று கொடுத்திருந்தோம். அப்படிக் கொடுத்தால் ஸ்ட்ரிங் ஹெடரைச் சேர்த்தாலும் ஸ்டர்சிக்னலின் அறிவிப்பு கண்ணில் படாது. எங்கள் கம்பைலர் எச்சரித்துவிட்டு, அது 32 பிட் முழு எண்ணான இன்ட் தருவதாக எடுத்துக்கொண்டது. சரம் இருக்கும் 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டது. பிசிக்னலுக்கும் இதே எச்சரிக்கை வந்திருந்தது. அது எதையும் திருப்பித் தராததால் ஓடிவிட்டது, நானும் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விட்டேன். க்னு நீட்டிப்புகளையும் சேர்க்கும் 'க்னு99' என்று மாற்றியதும் தீர்ந்தது.

அப்புறம் சோதனை. ஒரு பிள்ளைக்கு கில் கட்டளையால் 15-ஆம் சிக்னலை அனுப்பினேன்: 'டெர்மினேட்டட்'. இன்னொன்றில் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்க வைத்தேன்: 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்'. தசமமே இல்லாத கணக்குக்கும் இதே பெயர்தான் வரும் என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன். இல்லாத எண்ணைக் கொடுத்தாலும் 'அன்நோன் சிக்னல்' என்று எண்ணோடு சொல்கிறது. பழைய அர்ரேயில் எல்லையை நாமேதான் பார்க்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: சிக்னல் ஹேண்ட்லருக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஸ்டர்சிக்னலை அழைக்காதீர்கள், அங்கே அது பாதுகாப்பில்லை. பிள்ளை முடியும்வரை காத்திருக்கும் வெயிட்பிட் திரும்பிய பிறகு தாய் ப்ராசஸில் அழையுங்கள்.

அடுத்த வாரம் லாகில் 9-க்குப் பதிலாக 'கில்டு' என்று வந்தது. தம்பியே கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பார்த்து, மெமரி தீர்ந்து கர்னல் கொன்றிருப்பதைக் கண்டுபிடித்து, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார். எனக்குக் காலையில்தான் தெரியும்.